பொறி, புயல், பெட்ரோல்

கேள்வி: காற்றடித்தால் அகல் விளக்கு அணைந்துவிடுகிறது. இன்ஜின் சிலிண்டருக்குள் சூறாவளியே வீசுகிறதாமே, அங்கே பொறி மட்டும் எப்படிப் பற்றுகிறது?

பதில்: சில சமயம் அங்கேயும் அணைகிறது, அதுவும் ஒரு வகை மிஸ்ஃபயர்தான். பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். பொறி தாவியதும் அங்கே ஒரு தீக்கரு பிறக்கிறது. காற்று அசையாவிட்டால் கரு முனைகளை ஒட்டியே கிடக்கும். உலோகம் அதன் சூட்டை உறிஞ்சும். மிதமான காற்று வீசினால் பொறி வில்லாய் வளைந்து நீள்கிறது. கரு உலோகத்தின் பிடியிலிருந்து நழுவி, புதுக் கலவையைத் தொட்டு வளர்கிறது. காற்று அளவு மீறினால்தான் வம்பு. பொறி இழுபட்டு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தாவும். ஒரே இடத்தைச் சுட வேண்டிய ஆற்றல் பல இடங்களில் சிதறிவிடும். பெட்ரோல் குறைந்த கலவையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கேள்வி: அப்படியானால் காற்றை அடக்கிவிட்டுப் பற்றவைத்தால் என்ன?

பதில்: பற்றிவிடும், எரிந்து முடிக்கத்தான் நேரம் இருக்காது! சாதாரண அழுத்தத்தில், அசையாத பெட்ரோல்-காற்றுக் கலவையைத் தீ தின்னும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர்கூடத் தேறாது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கே 10 மில்லி விநாடிதான்.

1912-ல் டூகல்ட் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் இதைச் சோதித்தே பார்த்தார். கலவையை உள்ளே இழுத்தபின் பொறியை விடவில்லை. வால்வுகளை மூடிவைத்து, பிஸ்டனைச் சில முறை மேலும் கீழும் போய்வரவிட்டார். சுழல் அடங்கியபின் பற்றவைத்தார். அதே எரிபொருள், அதே காற்று. எரிவது மட்டும் வெகுவாக மந்தமாகிவிட்டது. எரிதல் பற்றிய சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எதையும் புதிதாய்ச் சேர்க்காமல், காத்திருந்தே உண்மையைக் கறந்துவிட்டார் மனிதர்! பிறகு ஹாரி ரிக்கார்டோ, சுழல் நன்றாக எழும்படி சிலிண்டர் ஹெட்டின் வடிவத்தையே மாற்றினார்.

கேள்வி: பிளக் கேப்பைக் கூட்டினால் பொறி பெரிதாகுமே?

பதில்: ஆகும், காயில் தாங்கினால். கேப் கூடக்கூடத் தாவுவதற்கு வேண்டிய வோல்ட்டேஜும் கூடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கும்போது சிலிண்டர் அழுத்தம் ஏறி, அது இன்னும் எகிறும். மேட்டில் வண்டி திக்குவது அப்போதுதான். கையேட்டில் போட்டிருக்கும் அளவையே ஃபீலர் கேஜால் பார்த்து வையுங்கள்.