ஷோக்குக்கு முன்னாடி பிரேக்கு

வா பேராண்டி. சிப்காட்டுல வாங்குற சம்பளத்துல பழைய காரை வேக வண்டியா மாத்தி ஹாட் ராட் கட்டப் போறியாமே? பேஷ்! அலாய் வீலு வந்தாச்சு, நெருப்பு ஸ்டிக்கரும் வந்தாச்சு, காரு மட்டும்தான் பாக்கியாம். அது என்ன, கடைசியில வாங்கிக்கலாம்.

அமெரிக்காவுல இத ஆரம்பிச்ச பசங்க கையிலயும் துட்டு கிடையாதுடா. 1932-ல ஃபோர்டு 65 குதிரைத்திறன் வி8 எஞ்சினை மலிவா வித்தான். அந்த வண்டி பழசானதும் வாங்கி, மட்கார்டு, பானெட்டு, பம்பர்னு எல்லாத்தையும் கழட்டிக் கடாசிட்டு, காஞ்ச ஏரியில விரட்டினானுங்க. கழட்ட ஒரு ஸ்பானர் போதும். நீ மாட்டிக்கிட்டே போறியே, பர்சு தாங்குமா?

அம்பாசடர் கூரையை அறுக்கப் போறியா? தாராளமா அறு. அதுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. பத்மினி காரும் அப்படித்தான். கூரை போச்சுன்னா நடுவுல தொய்ஞ்சு கதவு மூடாது. வெவரமானவன் பழைய மகிந்திரா ஜீப்பையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ தேடுவான். ரெண்டுக்கும் தனி சேசிஸ்; போல்ட்டைக் கழட்டினா பாடியைத் தூக்கி ஓரமா வெச்சிடலாம். ஹெரால்டு நம்ம வண்டலூர் பக்கம் செஞ்ச வண்டிதான். ஆனா சீக்கிரம் தேடு. கும்மிடிப்பூண்டி உலைங்க காயலான் கடை இரும்பை உருக்கிக் கம்பியா இழுத்துக்கிட்டே இருக்கு. நீ கனவு காணுற வண்டி இந்நேரம் யாரு வீட்டுத் தூணுக்குள்ள நிக்குதோ!

வேகம் என்னமோ உங்க காலத்துல பொறந்ததுன்னு நெனப்பு. இதோ இருக்கிற சோழவரத்துல, உலகப் போருக்குப் போட்ட ஓடுதளத்துல, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு வருசக்கணக்கா ரேஸ் நடத்துச்சு. கோயம்புத்தூர் கரிவரதன் 1980-கள்ல மாருதி 800 எஞ்சினை வெச்சே ஃபார்முலா மாருதி ரேஸ் காரு கட்டினாரு. 796 சிசி, மூணே சிலிண்டரு! வண்டி எடை கம்மி, அதான் சூட்சுமம். நீயோ காரு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பீக்கரு மட்டும் ஒரு மூட்டை வாங்கி வெச்சிருக்க.

அந்தப் பட்ஜெட் சீட்டைக் காட்டு. பிரேக்கு எங்கடா? ஸ்டிக்கருக்கும் கீழயா! ஃபோர்டு 1939-லதான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தான். அந்தப் பசங்க அதைக் கழட்டிப் பழைய 1932 வண்டியில மாட்டிக்கிட்டானுங்க. எஞ்சினைப் பெருசாக்கினவனுக்கு நிறுத்தவும் தெரிஞ்சிருந்துச்சு. வெல்டிங்கையும் வீடியோ பார்த்து நீயே பத்த வெக்காத. நம்ம ஊர்ல வெல்டருக்கா பஞ்சம்? தெரிஞ்சவனுக்குக் கூலியைக் குடு.

ரோட்டுல ஓட்டணுமா? கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொல்லிச்சு. இருங்காட்டுக்கோட்டையில 1990-லருந்து ரேஸ் டிராக் இருக்கு, அனுமதி கேட்டுப் பாரு. எப்படிக் கொண்டுபோறதுன்னு முழிக்காத. ஈச்சர் லாரி ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சு அது முதுகுல ஏத்து. முன் சீட்டுல நானும் வரேன், ஊரே பாக்கட்டும். டீசல் காசு மட்டும் உன்னுது.