பன்னீர் ரோஜாவின் மாப்பிள்ளை முறுக்கு

ரோஜா உலகத்தில் 1867 ஒரு எல்லைக்கோடு. அந்த வருடம் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற புது ரகம் பிறந்தது. அதற்கு முன்பே இருந்த வம்சங்களுக்கெல்லாம் 'பழைய தோட்ட ரோஜா' என்று பட்டம். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் பன்னீர் ரோஜாவை அந்தப் பழைய வம்சங்களில் ஒன்றான டமாஸ்க்கில்தான் சேர்க்கிறார்கள். டமாஸ்க் ரோஜா மூன்று இனங்கள் கலந்து வந்தது என்று 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்துச் சொன்னார்கள். எங்கள் செடி காட்டும் மாப்பிள்ளை முறுக்கு அந்த மூன்றில் எந்தப் பக்கத்துச் சொத்து என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஐப்பசி அடைமழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டிவிடும். மிஞ்சுவது முள். மழை விட்டதும் கவாத்து. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். நான் கத்தரிக்கோலை எடுத்தாலே அம்மா, "பச்சைக் கொம்புடா, பாவம்!" என்று படியேறி வந்துவிடுவாள். வெண்டைக்காய்க்கு இந்தக் கருணை கிடையாது.

தை பிறந்தால் பூ. விடியற்காலையில் மாடிக் கதவைத் திறக்கும்போதே மணம் வந்து சட்டையைப் பிடிக்கும். ஓசூரிலிருந்து வரும் கடை ரோஜா ஜாடியில் ஒரு வாரம் விறைப்பாக நிற்கும். மூக்கை வைத்தால் பூக்கடைக்காரரின் ஃபிரிட்ஜ் வாசனைதான். பன்னீர் ரோஜாவோ காலையில் மலர்ந்து சாயங்காலத்துக்குள் உதிரத் தொடங்கிவிடும். மனைவி ஒருநாள் ஆசையாக அதைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். இறங்கும்போது காம்பு மட்டும் மிச்சம். பின்சீட்டுக்காரர் மடியில் கல்யாண வரவேற்பு.

செடி கொஞ்சம் வாடினால் தெருவே வைத்தியர். டீத்தூள் போடு, முட்டை ஓடு போடு, மீன் கழுவின தண்ணி ஊத்து. மீன் தண்ணீர் ஊற்றியதில் செடி என்ன நினைத்ததோ தெரியாது. பூனைகள் குடும்பத்தோடு வந்தன.

சித்திரையில் பூ பட்டன் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் அந்த வெயில்தான் குல்கந்துக்குத் தோது. தையிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் அம்மா சர்க்கரையோடு அடுக்கடுக்காகப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மாடியில் வைப்பாள். மொத்த விளைச்சலும் நாலு பீடாவுக்குத்தான் காணும். அதற்கு முதல் பாத்தியதை அப்பாவுக்காம். சர்க்கரை நோய்க்காரர். "குல்கந்து இனிப்பிலே சேராது, மருந்திலே சேரும்" என்று டாக்டரிடமே வாதாடிப் பார்த்தார். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.