நுரைக்கு ஒரு நடைபாதை

பெங்களூரு மாநகராட்சி ஒரு சாக்கடைக்குக் கரை கட்டி, கல் பாவி, செடி வைத்து, அதன் ஓரமாக மக்களை நடக்கச் சொன்னது. கே-100 என்று பெயர். மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர், கோரமங்கலா வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் பழைய ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய். சுமார் 175 கோடி ரூபாய்த் திட்டம். கழிவுநீர் அதில் கலக்காமல் திருப்பிவிடவும் வேலை நடந்தது. நல்ல காரியம்தான், வயிற்றெரிச்சல் இல்லாமல் சொல்கிறேன்.

நடக்கிறவர்களுக்குப் பாதை பெல்லந்தூரோடு சரி. தண்ணீருக்கு அப்படியில்லை. பெல்லந்தூர், வர்த்தூர், தட்சிண பினாகினி, தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை. ஒரு கால்வாயைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தவர்கள் மற்ற கால்வாய்களை நமக்கு அனுப்பிவிட்டார்கள். பெல்லந்தூர் ஏரி தண்ணீராக இருந்துகொண்டே 2018 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. அந்த வம்சத்துத் தண்ணீர் இது.

மழை பிடித்துக் கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் போதும், ஆறு முழுக்க வெள்ளை நுரை. நந்திமங்கலம் போகும் தரைப்பாலமே மறைந்துபோகும். செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம், மாதிரி எடுக்க ஒரு கூட்டம். பாட்டிலில் தண்ணீர் போகிறது, காகிதம் திரும்பி வருகிறது, அடுத்த மழைக்கு மறுபடி பாட்டில். அந்தத் தண்ணீரைத்தான் நம் விவசாயி கோஸுக்கும் தக்காளிக்கும் பாய்ச்சுகிறார். அந்தக் காய்கறி லாரி ஏறிப் பெங்களூருக்கே போகிறது. நியாயம் இந்த ஒரு இடத்தில் மட்டும் தடையில்லாமல் சுற்றி வருகிறது.

எல்லாப் பழியையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் நம் ஆட்களுக்குச் சௌகரியம். நடைபாதை விஷயத்தில் நாம் என்ன செய்தோம்? ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. பலகை மாறியது. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிற பெண் இன்னமும் கன்டெய்னர் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ். தடையில்லாத நடைபாதை வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் ஊரில் அந்த 1.8 மீட்டரில் டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை, தலைவரின் பிறந்தநாள் பேனர் மூன்றும் வசிக்கின்றன. மனிதருக்கு இடமில்லை.

நடப்பதற்கும் தமிழக அரசிடம் திட்டம் இருக்கிறது. 'நடப்போம் நலம் பெறுவோம்' 2023 நவம்பர் 4 அன்று தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை, டோக்கியோவில் பார்த்து வந்த யோசனை. மாதத்தின் முதல் ஞாயிறு வழிநெடுக மருத்துவப் பரிசோதனை. விடிகாலை நடைக்கு ஷூ வைத்திருப்பவருக்கு அது பயன்படும். வேலைக்கு நடந்தே போகிறவரை யாரும் நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே இரு மாநில அமைச்சர்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த மழைக்கால முதல் ஞாயிறு முகாமைக் கெலவரப்பள்ளி மதகடியில் வையுங்கள். சிப்காட் வாசலிலிருந்து லாரிகளுக்கு நடுவே நடந்தே வாருங்கள். வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஆற்றுத் தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தத்தை அதற்குப் பிறகு பார்க்கட்டும்.