பொதிகைக்குப் போன பலசரக்கு

திருவனந்தபுரத்துக்காரன் அகத்தியர்கூடம் ஏற வேண்டிய அவசியமே கிடையாது என்பது என் நெடுநாள் கொள்கை. 1868 மீட்டர் உயரத்தில் அது பாட்டுக்கு நிற்கிறது. அதை ஒட்டிய மலைகளில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறையில் தேங்கி, அருவிக்கரையில் சுத்தமாகி, குழாய் வழியாக எங்கள் சமையலறைக்கே வந்துவிடுகிறது. மலையே வீடு தேடி வரும்போது நாம் எதற்குப் போய்த் தொந்தரவு கொடுக்க வேண்டும்?

போதாததற்குக் குடும்பப் பெருமை வேறு. தாத்தா அம்பாசமுத்திரத்துக்காரர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து, பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்துக்கு வந்து பலசரக்குக் கடை போட்டார். அந்தத் தாமிரபரணி பிறப்பதும் இதே மலையில்தான். ஆக, மலைக்குக் கிழக்கே இருந்த குடும்பம் மேற்கே வந்து மூன்று தலைமுறை ஆகியும் ஒருவர்கூட அதன்மேல் கால் வைத்ததில்லை. இப்படி ஒரு சாதனையை என் காலத்தில் கெடுப்பானேன் என்றிருந்தேன்.

என் மனைவிக்கும் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம்தான். மொட்டைமாடியில் வடாம் காய வைத்தபடி பொதிகையை, அதாவது இதே அகத்தியர்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவள். “ஒரு தடவ ஏறிப் பாத்துரணும்ங்க” என்று கல்யாணமான புதிதிலேயே ஆரம்பித்தாள். “பொம்பளைங்கள விடமாட்டாங்க. நீ வர முடியாத எடத்துக்கு நான் மட்டும் எப்படிப் போவேன்?” என்பேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். இதைவிட மலிவாக ஒரு கணவன் நல்ல பெயர் வாங்க முடியாது.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த மலிவுச் சரக்கைக் கடையை விட்டே தூக்கிவிட்டது. பெண்களுக்குத் தடை கூடாது என்று தீர்ப்பு. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் ஏறியே காட்டிவிட்டார். தங்கள் தெய்வம் குடியிருக்கும் இடம் என்று அந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் வழிமறிக்கவில்லை. நாட்டிலேயே அன்றைக்கு என் கட்சியில் இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காவது ஒரு தெய்வம் இருந்தது, எனக்கு முட்டிவலி மட்டும்.

அடுத்த நம்பிக்கை அனுமதிச் சீட்டு. வழக்கமாக ஜனவரி நடுவில் தொடங்கிச் சிவராத்திரியை ஒட்டி முடியும் சில வாரங்களுக்குத்தான் வனத்துறை ஆள் விடும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. இணையத்தில் முன்பதிவு திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும். எனவே “முயற்சி பண்ணுவோம்” என்று தாராளமாக வாக்குக் கொடுத்தேன். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மருமகன் எங்கிருந்தோ இரண்டு சீட்டுப் பிடித்துக் கொடுத்தான். தங்கை பிள்ளையாக இருந்தும் இப்படிச் செய்தான்.

அவன்தான் குருவும். முதல் உபதேசம், ஷூவைப் புதுக்கருக்கோடு மலையில் போடக்கூடாது, சில வாரம் போட்டுப் பழக்க வேண்டும். அப்படியே செய்தேன், கல்லாவில் உட்கார்ந்தபடி. இரண்டாவது, தினமும் நடக்க வேண்டும். விடியற்காலை ம்யூசியம் வளாகத்துக்குப் போனேன். ஊரிலுள்ள ஓய்வுபெற்ற அதிகாரிகளெல்லாம் அங்கே வட்டமடிப்பார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் என்னைத் திரும்பத் திரும்பக் கடந்து போனார், ஒவ்வொரு முறையும் கனிவோடு சிரித்தபடி. அந்தக் கனிவு தாங்காமல் வாசல் டீக்கடைக்கு என் நடையைச் சுருக்கிக்கொண்டேன்.

மூன்றாவது, கூடாரம். காட்டில் தங்குவதென்றால் கூடாரம்தானே என்று மருமகனுடையதை வாங்கி, மொட்டைமாடியில் கட்டி, உள்ளே படுத்துப் பார்த்தேன். காலையில் எதிர்வீட்டு மாஸ்டர் மெல்லிய குரலில் கேட்டார்: “வீட்டில எந்தெங்கிலும் பிரச்னம்?” பிறகுதான் தெரிந்தது, அகத்தியர்கூடத்தில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. அதிருமலை முகாமில் கொட்டகை இருக்கிறது, பாய் கொடுப்பார்கள். கூடாரத்தை அதன் பைக்குள் திரும்பத் திணிக்க என்னால் ஆகவில்லை. மாடியில் இன்றும் அது பாதி பைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடக்கிறது.

உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். என் கடைசித் துருப்புச்சீட்டு அது. ஒழுங்காக நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் எந்த டாக்டரும் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்தைக் கேட்டார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். நல்ல சேதி இப்படி வேண்டாத நேரத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

மூட்டை கட்டும் விஷயத்தில் மட்டும் யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பலசரக்குக் கடைக்காரன் நான். எந்த மூட்டையையும் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன். தூக்கியதில்லை, அவ்வளவுதான். தூக்குவதற்குச் சுமட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். சொந்தச் சரக்கை நாமே தூக்கி இறக்கினாலும் பக்கத்தில் நின்று பார்த்ததற்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்த ஊர் இது. நோக்குகூலி என்று பெயர். 2018 மே முதல் தேதியோடு அரசு அதை நிறுத்திவிட்டாலும் வார்த்தை இன்னும் சாலையில் நடமாடுகிறது.

பிளாஸ்டிக் கூடாது என்பது காட்டு விதி. ஆகவே எல்லாவற்றையும் எவர்சில்வரில் அடைத்தேன். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அட்டை கடித்தால் வைக்க உப்பு, வயிற்றுக்கு ஓமம், கசாயத்துக்குச் சுக்கு, திப்பிலி. மனைவி பையைக் கையால் தூக்கிப் பார்த்தாள். “கடையத் தூக்கிட்டு எங்க போறீங்க? மலை மேல கிளையா தொறக்கப் போறீங்க?” அவள் பையில் ஒரு போர்வை, ஒரு மாற்றுடை, ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்.

விதுரை வழியாகப் போனக்காடு. கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம், இடிந்துகொண்டிருக்கும் கட்டடங்கள். அதைத் தாண்டி வனத்துறைச் சோதனை. என் பையைத் திறந்த ஊழியர் ஒவ்வொரு டப்பாவாக வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். பின்னால் நின்ற பையன்கள் விலை கேட்காததுதான் பாக்கி.

அங்கிருந்து அதிருமலைக்கு 14, 15 கிலோமீட்டர். முதலில் நிழலான காடு, குறுக்கே ஓடைகள். ஒன்றில் முகம் கழுவினேன். “இதான் கரமனையாறு” என்றார் வழிகாட்டி. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது. இங்கே வந்து கழுவினால் என்ன கூடுதலாகிவிடும் என்று கேட்கத் தோன்றியது, மூச்சு இல்லை. பிறகு புல்வெளி, மண்டையைப் பிளக்கும் வெயில். அதற்கப்புறம் முட்டிடிச்சான் தேரி. அந்த ஏற்றத்துக்குப் பெயர் வைத்தவரைச் சந்தித்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். முன்னெச்சரிக்கையாகவே வைத்திருக்கிறார், நாம்தான் கேட்பதில்லை.

அங்கே உட்கார்ந்தபோது எனக்கு ஆரோக்கியப்பச்சை நினைவு வந்தது. 1987-இல் பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்டத்து விஞ்ஞானிகள் இந்தக் காட்டில் ஆய்வுக்கு வந்து களைத்துப் போனார்கள். கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ சிறு காயைத் தின்றுகொண்டு அலுக்காமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தெம்பு வந்தது. அந்தச் செடியிலிருந்து பிறகு ‘ஜீவனி’ என்று மருந்தே வந்தது. வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஏற்பாடு செய்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் வழிகாட்டியும் காணிதான். குரலைத் தாழ்த்தி, “ஆரோக்யப்பச்ச உண்டோ?” என்றேன். “பறிக்கான் பாடில்ல, சாறே” என்று சொல்லிவிட்டு என் மனைவி நீட்டிய கடலைமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த திருப்பத்தில் என் பை அவர் தோளில் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உள்ளே எவர்சில்வர் மட்டும் கலகலவென்று கேட்டது.

ராத்திரி சூடான கஞ்சி. பிறகு பாயில் வரிசையாகப் படுக்கை. யானைக் காட்டில் படுத்திருக்கிறோமே என்று பயந்ததில் அர்த்தமில்லை. அந்தக் கொட்டகைக் குறட்டைக்கு எந்த யானையும் கிட்டே வராது. மறுநாள் காலையில் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் சொச்சம். பொங்காலைப்பாறையைத் தாண்டினால் வழுக்குப் பாறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றில் தொங்கியபடி ஜான் ஆலன் புரோனை நினைத்துக்கொண்டேன். திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர். 1850-களில் காந்த ஊசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளப்பதற்கு இந்த உச்சியில் இன்னொரு ஆய்வுக்கூடமே கட்டியவர். அளந்ததையெல்லாம் 1874-இல் புத்தகமாகப் போட்டார். கல்லும் மரமும் கருவியும் மேலே போயிருக்கின்றன. துரை தூக்கியிருக்க மாட்டார், எங்கள் தொழில்முறை அப்படி.

மேலே குளிர்காற்று, அகத்தியர் சிலை. வடக்கே கூட்டம் சேர்ந்து பூமி சாய்ந்தபோது, தராசின் அடுத்த தட்டில் வைத்த படிக்கல்லாகத் தெற்கே அனுப்பப்பட்டவர். ஒற்றை ஆள், அதுவும் குள்ளம். எடை விஷயத்தில் அவரிடம் எனக்குத் தொழில்முறைச் சந்தேகங்கள் உண்டு, கேட்கும் நிலையில் இல்லை. பாறையில் குப்புற விழுந்து கிடந்தேன். சாஷ்டாங்க நமஸ்காரம் என்று நினைத்து இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார்கள். மனைவி கிழக்கே பார்த்து நின்றாள். “ஏங்க, அந்தா காரையாறு அணை தெரியுதுல்லா? எங்க ஊரு அந்தப் பக்கந்தான்.” நான் தலையைத் தூக்காமலே ஆமாம் என்றேன்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள், இறக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முட்டியின் நிஜமான கணக்கு இறங்கும்போதுதான் தீர்க்கப்படுகிறது. ஊருக்கு வந்து கடை திறந்த அன்று வாசலில் இருக்கும் இரண்டே படிகளை நேராக இறங்க முடியவில்லை. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறக்கினேன். எங்கள் சரக்கு இறக்கும் தொழிலாளி தலையில் அரிசி மூட்டையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைத் தொட்டதும் சொன்னார்:

“சாறே, நோக்குகூலி தரணம். ஞான் கொறே நேரமாயி நோக்குந்நு.”