அடைகாத்த வண்டி

எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்று ஏழு வருடமாக நிற்கிறது. ஒரு நாள் காலையில் பேட்டரி இறங்கியிருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். அந்த நாளை போன வாரம்தான் வந்தது.

அதுவரை வண்டி சும்மா நின்றது என்றால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். பானெட்டில் மிளகாய் காயும், பின்பக்கத் தொட்டியில் கொப்பரை காயும். பொள்ளாச்சிப் பக்கம் காயப்போட எப்போதும் ஏதாவது இருக்கும். காபின் கோழிகளுக்கு. பழைய இரும்புக்காரர் அவ்வப்போது வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலை சொல்வார். வரவர விலை இறங்கியது, எனக்கு ரோஷம் ஏறியது.

"டீசல் இன்ஜினுக்குச் சாவே கிடையாது" என்று அறிவித்தேன். பிளக் வேண்டாம், தீப்பொறி வேண்டாம். காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897-லேயே ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் இதை ஓட்டிக் காட்டிவிட்டார்.

"அவரு அப்பப்ப வண்டிய எடுத்திருப்பாருங்க" என்றாள் மனைவி.

மெக்கானிக் வருவதற்குள் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிவிட வேண்டும் என்று, கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "கையில சுத்திப் பாக்காமயே செல்ஃப் அடிச்சீங்களாண்ணா? உள்ள ரிங்கு துருவுல ஒட்டியிருந்தா ஒடஞ்சே போயிருக்குமுங்க."

நாலு நாசிலையும் கழற்றி, ஓட்டைக்குக் கொஞ்சமாக இன்ஜின் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊறப்போட்டார். இட்லிக்கு அரிசி ஊறப்போடுகிற பக்குவம்தான். மூன்றாம் நாள் முன்பக்கப் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு, ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே மெல்ல அழுத்தினார். ஒரு நூல் அசைந்தது. அப்புறம் இன்னொரு நூல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; புளியந்தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

"டேங்க்ல டீசல் இருந்துதுங்களா?"

"கால் டேங்க் இருந்துது" என்றேன் பெருமையாக.

"அப்ப முக்கால் டேங்க் காத்து இருந்திருக்குதுங்ணா."

அந்தக் காற்றின் ஈரம் ராத்திரியில் டேங்குக்குள் வேர்த்து, டீசலுக்கு அடியில் தண்ணீராகத் தங்கி, இரண்டும் சேருகிற இடத்தில் கிருமிகள் குடும்பம் நடத்தியிருந்தன. அடி நட்டைக் கழற்றியதும் நாட்டு மருந்துக்கடை லேகியம் மாதிரி கறுப்பாக ஒன்று இறங்கியது. வாடைக்கு நாய் எழுந்து போய்விட்டது.

இடப்பக்கக் கதவைத் திறந்தபோதுதான் அடுத்த வில்லங்கம். சீட்டின் கிழிசலில் அடைக்கோழி. உட்கார்ந்து ஐந்து நாள் ஆயிற்றாம். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வண்டி எடம் மாறக்கூடாதுங்க" என்று மனைவியிடமிருந்து உத்தரவாயிற்று. இன்ஜினில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமாம்.

டேங்கைக் கழுவி, புது ஃபில்டர், புது பேட்டரி போட்டாயிற்று. லைனில் காற்று இருந்தால் டீசல் வண்டி கிளம்பாது. ஏர் எடுக்க வேண்டும். கைப்பம்பை அமுக்குகிற வேலை எனக்கு. ஃபில்டர் தலையில் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். முதலில் பெருமூச்சு, பிறகு நுரை. "இன்னும் அமுக்குங்ணா, நொரை நிக்கோணும்." நுரை நின்றதா என்று குனிந்து பார்த்தேன். நின்றிருந்தது. சுத்தமான டீசல் என் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை சாட்சி சொன்னது.

சாவியைத் திருப்பப் போனபோது கோழி கையைக் கொத்தியது. திருப்பினேன். இருமல், வெள்ளைப் புகை, மறுபடி இருமல், பிறகு 'தடதட'வென்று ஓடியே விட்டது! புளியமரம் புகையில் காணாமல் போனது. காக்கைகள் கலைந்தன. இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"போதுமுங்ணா, நிறுத்துங்க!"

நிறுத்துகிற குமிழை இழுத்தேன். துருப்பிடித்த கேபிளோடு குமிழ் கையோடு வந்துவிட்டது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். வண்டி அதைச் சட்டைசெய்யவில்லை. ஏழு வருடம் கிளம்பாதது இப்போது நிற்கமாட்டேன் என்கிறது. குமிழைப் பிடித்தபடி நான் கத்த, மெக்கானிக் பானெட்டுக்குள் கைவிட்டு, பம்பு லீவரை ஒரு விரலால் தள்ளி அணைத்தார்.

புகை விலகியதும் கோழியைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு இறகுகூடக் கலையவில்லை.

பிரேக், கிளட்ச், டயர் என்று போன பணத்தை மனைவியிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். சரக்கு வண்டிக்கு எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதை அடியோடு சொல்லவில்லை. நேற்றோடு வேலை முடிந்தது. மிளகாயும் கொப்பரையும் மொட்டைமாடிக்குப் போய்விட்டன. சாவி என் இடுப்பில் இருக்கிறது. கோழிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.