ஃபோர்முலா நானா

கடற்கரை ஊர் என்றால் ஒரு சம்மாட்டியார், ஒரு மரைக்கார், சீட்டுக் காசைக் கட்டாமல் சந்துக்குச் சந்து நழுவும் ஒருவர், ஒரு ஃபோர்முலா நானா ஆகிய நாலு பேரும் இருந்தே தீர வேண்டும். கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி, முந்தல் என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்த நாலாவது ஆளைக் காணலாம். உடப்புக்குப் போனால் அதே ஆள் ஃபோர்முலா அண்ணன் ஆகிவிடுவார். முறைதான் மாறும், சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவ் மாறாது.

வயது ஐம்பதுக்கு மேல். சோறு போடும் தொழில் வேறு: ஐஸ் பெக்டரியில் கணக்கப்பிள்ளையாக இருப்பார், இல்லாவிட்டால் பாடசாலையில் கணித மாஸ்டர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் எப்போதோ மூன்று மாதக் கொம்பியூட்டர் டிப்ளோமா ஒன்றை முடித்தவர். அந்த மூன்று மாதத்தை முதலாகப் போட்டு, இறால் பண்ணைக்குத் தீன் கணக்கு, உப்பளத்துக்கு மூட்டைக் கணக்கு, கொப்பரா ஸ்டோருக்குத் தேங்காய்க் கணக்கு, பள்ளிவாசலுக்குச் சந்தாக் கணக்கு, கடன் சங்கத்துக்கு அங்கத்தவர் பதிவேடு என்று ஊர் முழுவதையும் மைக்ரோசொஃப்ட் எக்செஸில் ஏற்றிவிட்டார். எக்செஸ் உலகத்துக்கு வந்தது 1992இல். நம் பக்கத்துக்கு வந்தது நானாவோடு. அவர் எழுதியது ஓடும். ஏன் ஓடுகிறது என்பது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சில இடங்களில் அவருக்கும் தெரியாது. ஆனால் அதை முகத்தில் காட்டமாட்டார்.

யாராவது முன்னேற நினைக்கும்போதுதான் வினை தொடங்கும். வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்று கடைப் பையன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சங்கத் தலைவர் புது மெஷினோடு வந்து இறங்குவார். பழையது மூலைக்குப் போய்த் துணி போர்த்திக்கொள்ளும். புது மெஷினில் புது ஒஃபிஸ். பழைய கோப்பைக் கொப்பி பண்ணித் திறந்தால், திகதி இருந்த இடத்திலும் தொகை இருந்த இடத்திலும் 'நேம்?' என்று வரிசையாகக் கேள்வி நிற்கும். கிளாக்கர் ராத்தா போனை எடுப்பார்.

"நானா, கணக்கெல்லாம் பேர் கேக்குது."

"யார்ட பேரு?"

"தெரியா. 'நேம்' எண்டு இருக்கு, பக்கத்துல கேள்விக்குறி."

"ஒண்டையும் தொடாதீங்க. நான் வாறன்."

வருவார். ஹெல்மட்டைக் கழற்றுவதற்கு முன்பே திரையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "யாரு இதத் தொட்டது?" என்பார். இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த அலுவலகத்திலும் பதில் கிடைத்ததில்லை. பிளேன்டீ வரும். அரைவாசி குடித்ததும் முதல் தீர்ப்பு விழும்: "இது வேர்ஷன் பிரச்சினை." காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடாத டொக்டர் 'வைரஸ்' என்று சொல்வாரே, அதே ரகம், பொய் இல்லை, பிரயோசனமும் இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பெரிய ஆறுதல்.

2025 பெப்ரவரிக்குப் பிறகு அவர் கையில் இன்னொரு தீர்ப்பும் சேர்ந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார் அல்லவா? நம் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையமும் அதோடு படுத்து, எழும்ப நாட்கள் எடுத்தன. எக்செஸ் கோப்பு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு சிதைவது உண்மையிலேயே நடக்கக்கூடியது. அதனால் விடை தெரியாத கோளாறு எதுவானாலும் நானா திரையை உற்றுப் பார்த்து, "குரங்கு நேரம் நடந்திருக்கு" என்று சொல்லத் தொடங்கினார். மார்ச்சில் வாங்கிய மெஷினுக்கும் இதையே சொன்னார்.

கிண்டல் இருக்கட்டும். மனுஷன் சும்மா ஆளில்லை. பிளேன்டீ முடிந்து கோப்பையைக் கீழே வைத்த பிறகு அவர் செய்வதைக் கவனிக்க வேண்டும். ஓல்டையும் எஃப் 11ஐயும் சேர்த்து அமுக்குவார். உள்ளறை திறக்கும். டூல்ஸ், ரெஃபரன்ஸஸ். அந்தப் பட்டியலில் ஒரு வரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். காணாமல் போனது ஒரு கலண்டர். திகதியைச் சொடுக்கித் தெரிவதற்காக நானா அந்தக் காலத்தில் படிவத்தில் ஒட்டிய கலண்டர் கட்டுப்பாடு, எக்செஸ் 2010 வந்தபோது பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கலண்டர் இல்லையென்றால் கலண்டர் மட்டும்தானே வேலை செய்யக்கூடாது? அங்கேதான் எக்செஸின் குணம். தேடிப் போன ஒரு நூலகம் கிடைக்காவிட்டால் அது கோபித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத சூத்திரங்களையும் மறந்துவிடும். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டால் தெரியாது என்னும். ஒரு சொல்லின் இடப்பக்கத்து நாலு எழுத்தைக் கேட்டால் இடப்பக்கம் எது என்னும். குடும்பத்தில் ஒருவர் கல்யாண வீட்டுக்கு வராததற்கு மொத்த சம்பந்திமாரும் பேசாமல் இருப்பது நமக்குப் புதிதா என்ன?

நானா அந்த வரியில் இருந்த சரி அடையாளத்தை எடுப்பார். 'நேம்?' எல்லாம் மறையும், தொகைகள் திரும்பி வரும். வேலை அரை நிமிடம். ஆனால் முன்னுரைக்கு ஒரு மணித்தியாலம் போயிருக்கும், அதைச் சுருக்க அவர் சம்மதிக்கமாட்டார்.

இதைவிடச் சில்லறையானவையும் உண்டு. புதிய ஒஃபிஸ் 64 பிட் என்றால், அவர் எழுதிய பழைய நிரல் வரிகள் சில ஒரு சொல் கூடுதலாகக் கேட்கும், சேர்ப்பார். மேலே வரும் மஞ்சள் பட்டையில் 'அனுமதி' கொடுக்காமல் ராத்தா பெருக்கல் குறியை அமுக்கியிருப்பார். நானா வந்து அனுமதியை அமுக்கிவிட்டுப் போவார். பாமினி எழுத்தில் தட்டிய ஊர்ப் பெயர்கள் புது மெஷினில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யாராவது பாதியை யுனிகோடுக்கு மாற்றியிருந்தால் இன்னும் சிக்கல், ஒரே புத்தளம் இரண்டு புத்தளமாகி, கூட்டுத்தொகை இரண்டாக உடையும். 97ஆம் ஆண்டு எக்செஸில் செய்த கோப்பை 2013இலிருந்து வந்த எந்த எக்செஸும் திறக்காது. அதற்கென்றே பற்றரி செத்த லெப்டொப் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறார். இடையில் உள்ள வேர்ஷனில் திறந்து மாற்றித் தருவதற்கு. மனைவி அதை மூன்று பெருநாளாகக் குப்பையில் போடச் சொல்கிறார்.

ஆனாலும் நானாவின் வரலாற்றில் தனி அத்தியாயம் அடையாள அட்டைதான்.

நம் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூடும். கடன் சங்கத்துப் பதிவேட்டில் நானா இதைப் பிடித்து அழகாக ஒரு ஃபோர்முலா போட்டார். இலக்கத்தைத் தட்டினால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தானாக விழும். அந்த நாளில் இதைக் காட்டியே நாலு சங்கங்களைப் பிடித்தார். வருடத்துக்கு முன்னால் '19' என்று கையால் சேர்த்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டு பிறந்த பிள்ளைகள் கடன் கேட்க வருவார்கள் என்று அன்றைக்கு யார் கண்டது?

2016இல் இலக்கம் பன்னிரண்டு எண் ஆனது. வருடம் நாலு எண்ணாக முழுதாக வந்தது. பதிவேட்டில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. ராத்தா புது இலக்கங்களைக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். புது மெஷின் வந்தது. "புதுசுதானே" என்ற தைரியத்தில் அவரே பெட்டியைப் பன்னிரண்டுக்கு அகலமாக்கி, கொப்பியிலிருந்த அத்தனையையும் தட்டினார்.

மறுநாள் ஒரு மீன் வியாபாரி கடனுக்கு வந்தார். 1975இல் பிறந்தவர். பழைய அட்டை கடலில் போக, புது அட்டை எடுத்தவர். ஃபோர்முலா முதல் இரண்டு எண்ணைப் பார்த்தது: 19. முன்னால் இன்னொரு 19. ஆக 1919. அடுத்த மூன்று எண் எழுநூற்று ஐம்பத்துச் சொச்சம். ஐந்நூறுக்கு மேல், ஆகவே பெண். கழித்தால் செப்டெம்பர் முதல் பத்து நாட்களுக்குள் பிறப்பு. கூடவே பிணைக்கு வந்த மகன் 2004இல் பிறந்தவன். அவனுக்கு 1920 பெப்ரவரி. ஆண்தான், அதில் பிழையில்லை. சங்கத்தின் பதிவுப்படி, நூறு தாண்டிய ஒரு பெண்மணி, தான் பிறந்த ஐந்தாம் மாதத்தில் ஒரு மகனைப் பெற்று, இப்போது போட் எஞ்சினுக்குக் கடன் கேட்டு நிற்கிறார். அறுபது தாண்டியவருக்குக் கடன் இல்லை என்று திரை சிவந்தது.

"வேர்ஷன் பிரச்சினை," என்றார் நானா.

இல்லை. இதை அவர் முன்னால் சொல்ல யாருக்கும் துணிவில்லை, நான் இங்கே எழுதிவிடுகிறேன். புது மெஷின் எதையும் உடைக்கவில்லை. அந்த ஃபோர்முலா 2016இலிருந்தே உடைந்து கிடந்தது. பெட்டி சிறியதாக இருந்ததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்குகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ஹாட்வெயார் கடைக்கு அவர் செய்த பில்லில் வட் வரி எட்டு வீதம் என்று சூத்திரத்துக்குள்ளேயே பதிந்திருந்தார். 2022 ஜூனில் பன்னிரண்டு, செப்டெம்பரில் பதினைந்து, 2024 ஜனவரியில் பதினெட்டு என்று அரசாங்கம் ஏற்ற ஏற்ற, ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டர் போக வேண்டியிருந்தது. வீதத்தைத் தனியாக ஒரு அட்டவணையில் வைத்திருந்தால் முதலாளியே மாற்றியிருப்பார். அப்புறம் நானாவுக்கு பிளேன்டீ யார் கொடுப்பது?

அடையாள அட்டையைத் திருத்தினார், ஒப்புக்கொள்கிறேன். இலக்கத்தின் நீளத்தைப் பார். பன்னிரண்டு என்றால் நாலு எண்ணை வருடமாக எடு, பத்து என்றால் பழையபடி செய் என்று ஒரு நிபந்தனை சேர்த்தார். மீன் வியாபாரி ஆணானார், கடன் கிடைத்தது. திருத்தும்போது இன்னொன்றும் அகப்பட்டது. அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் 366 நாள். லீப் வருடம் இல்லாவிட்டாலும் பெப்ரவரி 29க்கு ஓர் இடம் விடுவார்கள். நானாவின் ஃபோர்முலா அதைக் கழிக்கவில்லை. அதனால் பெப்ரவரிக்குப் பின் பிறந்த முக்கால்வாசி அங்கத்தவர்களுக்கும் பிறந்த நாள் ஒரு நாள் பிந்தியே விழுந்துகொண்டிருந்தது. வாழ்த்து எஸ்எம்எஸும் அப்படியே. இருபது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.

"அதையும் சரி பண்ணிருவமா நானா?"

"அது கிடக்கட்டும் மகள். ஒரு நாள் பிந்தி வாழ்த்தினா குறைஞ்சா போகும்?"

கூலி கேட்கமாட்டார். கேட்காமலே ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஏதாவது ஏறும்: இறால் பண்ணையில் ஒரு பை இறால், வாடியில் கீரிமீன் கருவாடு, தோட்டத்தில் பத்துத் தேங்காய். உப்பளக்காரர் உப்புதான் கொடுப்பார். 2025இல் உப்புக்கு நாடே தட்டுப்பாடு பட்டு இறக்குமதி செய்தபோது, நானா வீட்டில் மட்டும் கவலை இருக்கவில்லை என்று பேச்சு.

அவருக்கு ஒரே எதிரி, கெம்பஸ் முடித்து வந்த மருமகப் பிள்ளை. "மாமா, இதெல்லாம் ஒன்லைனுக்கு மாத்தினா இந்தத் தொல்லையே இல்ல" என்பான். நானா நிதானமாகக் கேட்பார்: "நெட் போனா?" பிள்ளை பதில் சொல்லத் தொடங்குவதற்குள் கண்டக்குளிப் பக்கம் சிக்னல் போயிருக்கும். அந்தச் சுற்று நானாவுக்கு.

உங்கள் சங்கத்திலும் கடையிலும் இப்படியொருவர் எழுதிய கோப்பு ஓடிக்கொண்டிருந்தால், தயவு செய்து இதைச் செய்யுங்கள்: புது மெஷின் வாங்கினாலும் பழையதை ஆறு மாதம் கழற்றாதீர்கள். கோப்பின் பிரதி ஒன்றை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நானாவிடம் டிசைன் பக்கத்துக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தரமாட்டார். இறாலோடு போய்க் கேளுங்கள்.