சுவரில் வீடு கட்டுகிறவர்

நாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் ஆரம்பித்துவிடுவார். "உட்காராதீங்க தம்பி, உட்காராதீங்க. இதை ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுவோம்." சோபா நாலடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு 1900ஆம் ஆண்டு வழியாகத்தான் போயாக வேண்டும்.

முதல் நிறுத்தம் சிங்கப்பூர்த் தேக்கா, கெர்பாவ் ரோட்டு டான் டெங் நியா வீடு. லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கிற ஒரே சீன மாளிகை. மூன்று துண்டு கான்வாஸில் அச்சடித்துச் சுவரில் மாட்டிய படம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. முதுகு சொறியும் மூங்கில் கையை எடுத்துக்கொண்டு அண்ணன் விளக்குவார். கட்டியவர் மிட்டாய்த் தொழில் செய்த தௌகே, அதாவது சீன முதலாளி, வீட்டில் எட்டு அறை, ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு நிறம். "அந்தக் காலத்துச் சீனருக்கு என்ன ரசனை பாருங்க!" அந்த வானவில் பூச்சு 1980களில் வீட்டைப் புதுப்பித்தபோதும் அதற்குப் பிறகும் வந்தது, தௌகே அதைப் பார்த்ததே இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மூங்கில் கை அதற்குள் இரண்டாம் துண்டுக்குப் போய்விட்டது.

மூன்றாம் துண்டு மற்ற இரண்டையும்விட ஒரு சாண் கீழே தொங்கும். கலை என்று நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள். பின்னால் மெயின் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடி டிரிப் ஆனால், இருட்டில் தட்டுத்தடுமாறி மாளிகையின் வலப்பக்கத்தைக் கழற்றினால்தான் கரண்ட் வரும்.

அடுத்து பெட்டெய்ன் ரோட்டுக் கடைவீடுகள், 1930. பூ ஓடு பதித்த தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். அதற்கடுத்து நீல் ரோடு 157, வெளிர்நீலப் பாபா இல்லம். 1895 வாக்கில் கட்டியது. 2008இலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதை அரும்பொருளகமாக நடத்துகிறது. அங்கே போவதற்கு முன்பதிவு செய்ய வேண்டும். அண்ணன் வீட்டில் அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது, தப்பிக்கத்தான் வழி தேட வேண்டும்.

கடைசியில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் அரண்மனை, 1912. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று அடுக்குவார். அண்ணனுக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். செட்டிநாட்டோடு இவருக்குள்ள உறவு பிரிண்ட் கடை ரசீதோடு சரி. அரண்மனையை மாட்டியிருப்பது, அவசர காலத்துக்கென்று வீட்டுக்குள் கட்டித் தருகிற பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவில், காந்தக் கொக்கி போட்டு. எல்லா வீட்டையும்போல அந்த அறை இங்கேயும் ஸ்டோர் ரூம்தான். அண்ணி கதவைத் திறந்தால் அரண்மனை ஆடி அசைந்து விலகும், உள்ளே பொன்னி அரிசி மூட்டையும் பழைய டேபிள் ஃபேனும் தரிசனம் தரும். அண்ணிக்கு இந்தச் சுற்றுலா நிமிஷக் கணக்கோடு மனப்பாடம். காபி கானாடுகாத்தானுக்குத்தான் வரும்.

இதெல்லாம் சரி, சிரித்துவிட்டுப் போய்விடலாம். பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இவருடைய படங்களில் மனிதவாடையே கிடையாது. கெர்பாவ் ரோட்டுப் படத்தில் மூலையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். "பிரிண்ட் கடைக்காரன்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். பெட்டெய்ன் ரோட்டில் யாரோ துணி காயப் போட்டிருந்த மூங்கிலும் அதே வழியில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது. வாரம் பூராவும் இந்த ஊருக்குக் கட்டடம் கட்டுகிறவர்கள் அன்றைக்குத்தான் அங்கே வந்து உட்காருகிறார்கள். அவர்களைத் துடைத்துவிட்டு எஞ்சிய கட்டடத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர். லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்பு வட்டாரம் ஆனது. சுவரும் ஓடும் தப்பின. கீழ்த்தளத்துப் பழைய கடைகள் பலவும் ஏறிய வாடகையோடு போய்ச் சேர்ந்தன. அதைச் சொன்னால் அண்ணன், "அது வேற சப்ஜெக்ட் தம்பி" என்பார். இத்தனைக்கும் அவருடைய புளோக்கிலிருந்து நிஜமான டான் டெங் நியா வீட்டுக்கு நடந்தே போகலாம். கடைசியாக எப்போது போனார் என்று கேட்டேன். "ஒரே கூட்டம். வீட்டை நிம்மதியாப் பாக்க முடியாது" என்றார்.

எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு பிரவுன் காகிதம் சுற்றிய நாலடிப் பொட்டலத்தோடு வந்தார். வாசலில் நின்றபடியே எந்தச் சுவர் சும்மா இருக்கிறது என்று நோட்டம் விட்டார். "இந்தச் சுவர்ல ஆணி இறங்காது அண்ணே" என்று என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆணி எதுக்கும்மா?" பாக்கெட்டிலிருந்து காந்தக் கொக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்து நடந்தார்.